டர்பன்ல ஒரு கோல்ஃப் ரவுண்டு: எட்டு ஒன்பதுன்னு போடாம தப்பிச்ச அங்கிள்

ஜோகன்னஸ்பர்க்ல இருந்து என்3 ரோட்டுல ஓட்டி டர்பன் வந்து சேர்றப்பவே நைட் ஆயிடுச்சு, ஆனா மறுநாள் காலைல டர்பன் கன்ட்ரி கிளப்ல டீ டைம் (ஆட்டம் தொடங்கற நேரம்) போட்டிருந்ததால மாமா பையன் தூங்கவே விடல, ரூம்ல டிரைவர்ங்கற தூர அடி மட்டையத் துடைச்சுக்கிட்டே உக்காந்திருந்தான்.

1922ல திறந்த கோர்ஸ் இது. கடலோரத்து மணல்மேட்டுல ஏறி எறங்கிப் போகும், மோசஸ் மபிதா ஸ்டேடியம் பக்கத்துலயே இருக்கு. தென்னாப்பிரிக்க ஓப்பன் வேற எந்த கோர்ஸையும் விட இங்கதான் அதிக தடவ நடந்திருக்கு. எங்ககூட ஆட வந்தவர் டர்பன்ல நம்ம ஆளுங்க நெறைய இருக்கற சாட்ஸ்வொர்த் ஏரியா அங்கிள் ஒருத்தர், சொந்தக்காரங்களுக்குப் பழக்கம். எழுபது தாண்டியாச்சு. தேவாரம் மனப்பாடமா தெரியும், பேச்சுன்னா டர்பன் இங்கிலீஷ்தான், நடுநடுவுல "தம்பி"ய மட்டும் விடமாட்டார். ஓங்கி அடிச்சாலே 160 மீட்டர் போனா ஜாஸ்தி.

மூணாவது ஹோல் பார் 5, அதாவது அஞ்சு அடியில பந்து குழில விழணும். டீ (முதல் அடி அடிக்கற இடம்) ஒரு மணல்மேட்டு உச்சில, கீழ ஒல்லியா ஃபேர்வே (வெட்டின புல்பாதை), ரெண்டு பக்கமும் புதர். அங்கிள் ஃபைவ் வுட்டுனு ஒரு பழைய மட்டைய எடுத்து நடுவுல தட்டி விட்டார். மாமா பையன் டிரைவர சுத்தினான், பந்து நேரா இடது பக்கப் புதருக்குள்ள. தேட மூணு நிமிஷம்தான், நல்லவேளை கிடைச்சிடுச்சு (அதிர்ஷ்டம்னு நெனச்சோம், கிடைக்காமலே இருந்திருக்கலாம்). பந்துக்கு முன்னாடி ரெண்டு கிளைக்கு நடுவுல ஒரு சின்ன சந்து, அதுக்கு அப்பால கொடி இருக்கற திசை. பக்கவாட்டுல பாத்தா பத்து மீட்டர்ல ஃபேர்வே, வழியில ஒரு இலை கூட இல்ல. "தம்பி, பத்து பந்து குடுத்தா எத்தன அந்த ஓட்ட வழியா போகும்?"னு அங்கிள் கேட்டார். இவன் சிரிச்சுட்டு ஃபைவ் அயர்ன் மட்டைய எடுத்து அந்த சந்தப் பாத்தே அடிச்சான். கிளையில பட்டு இன்னும் உள்ள போச்சு, அங்கருந்து மறுபடி ஒரு வீச்சு, பந்து நகரவே இல்ல, அப்புறம் அன்பிளேயபிள் (அங்க இருந்து அடிக்க முடியாது)னு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக், ரெண்டு கிளப் (மட்டை) நீளத்துக்குள்ள பந்தக் கீழ போட்டா அதுவும் புதர்தான். மொத்தம் ஒன்பது. அங்கிள் ஆறு. எங்க பந்தயம் மொத்த ஸ்ட்ரோக்குக்கு, யாரு கம்மியோ அவங்க ஜெயிப்பாங்க.

எனக்கென்னவோ ஒரு ஹோல் நாசமாப் போறது பெரும்பாலும் அந்த ரெண்டாவது அடியிலதான்னு தோணுது. முதல்ல போனது ஒரு ஸ்ட்ரோக்தான், அத உடனே திருப்பி எடுக்கணும்னு வர்ற ரோஷம் இருக்கே, அது மூணு நாலு ஸ்ட்ரோக்க விழுங்கிடுது.

அங்கிளுக்கு இந்த நிதானம் எங்கருந்து வந்ததுன்னு பாதி ஆட்டத்துல நிக்கற ஹாஃப்வே ஹவுஸ்ல டோஸ்ட் சாப்பிடறப்ப தெரிஞ்சுது. அவர் சின்ன வயசுல நிறவெறி ஆட்சி, இந்த மாதிரி கோர்ஸ்ல நம்ம ஆளுங்க ஆட முடியாது. காலி மனையில ரெண்டே ரெண்டு கிளப், ஒரே பந்து, அது தொலைஞ்சா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது. அதனால பந்து தொலையற பக்கம் கண்ணே போகாதாம். 1963ல இதே கிளப்ல நேட்டால் ஓப்பன ஜெயிச்ச பாப்வா செவ்கோலம் பத்தியும் சொன்னார். கேடியா (மத்தவங்க கோல்ஃப் பையத் தூக்கற வேல) இருந்து வந்தவர், கைய மாத்திப் பிடிச்சு ஆடுவார், அவர உள்ள விடாம வெளிய மழையில நிக்க வச்சுக் கோப்பையக் குடுத்தாங்க. சொல்லிட்டு அங்கிள் டீயக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டார், நாங்கதான் அந்தக் கட்டடத்தப் பாத்துக்கிட்டே இருந்தோம்.

பன்னெண்டாவது ஹோல் பேரு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். பார் 3, மேட்டு மேல கிரீன் (குழியும் கொடியும் இருக்கற புல்தரை), ரெண்டு பக்கமும் சரிவு. அந்தக் காலத்துல இங்கிலாந்து இளவரசர் வந்து ஆடி, இந்தப் பக்கத்துல இருந்து அடிச்சா அந்தப் பக்கம் உருண்டு, அங்கருந்து அடிச்சா திரும்ப இந்தப் பக்கம்னு பத்துக்கு மேல எண்ணினதா கதை. அங்கிள் கொடியப் பாக்கவே இல்ல. கிரீனுக்கு முன்னாடி சமதரையில பந்த விட்டு, அங்கருந்து சிப்புனு ஒரு சின்ன அடி, ரெண்டு புட் (உருட்டல்), நாலு. போகி (பாருக்கு ஒண்ணு கூட) போட்டுட்டு ஜெயிச்ச மாதிரி நடக்கற மனுஷன இப்பதான் பாக்கறேன்.

பதினெட்டாவது ஹோல் சுமார் 250 மீட்டர் பார் 4, ஒரே அடியில கிரீனத் தொட்டுடலாம்னு கூப்பிடும், வலது பக்கம் செங்குத்தா பள்ளம். மாமா பையன் அடிச்சான் பாருங்க, அப்படியே கிரீன் ஓரம், பேர்டி (பாருக்கு ஒண்ணு கம்மி)! அங்கிள் கைதட்டினார், நெஜமாவே சந்தோஷமா. இங்க அடிச்சதுல எனக்கும் தப்பு தெரியல, அவன் ஏற்கனவே பின்னாடி இருந்தான், பள்ளத்துல விழுந்தாலும் புதுசா தோக்க எதுவும் இல்ல. ஸ்கோர் கார்ட கூட்டினா அங்கிள் 89, இவன் 96. பந்தயக் காசு பன்னி சௌவுக்கு (பிரெட்டக் குடைஞ்சு குழம்பு ஊத்தித் தர்றது) போச்சு, மட்டன், ஃபுல் காரம்.

போறவங்க காலை டீ டைமா போடுங்க, மத்தியானம் வடகிழக்குக் காத்து கிளம்பினா எந்த கிளப் எடுக்கறதுன்னே குழம்பிடும்.