ரெனின் டியூபை ஐஸில் வைக்காதீர்கள்

ஹார்மோன் சாம்பிள் என்றாலே ஐஸ் என்பது ரத்தம் எடுப்பவர்களுக்குக் கையோடு ஊறிய பழக்கம். பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோனான ஏ.சி.டி.எச்.சுக்கு அது சரிதான். ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்த உதவும் என்சைமான ரெனினுக்கு அதுவே கெடுதல். “ஐஸ் வேண்டாம்” என்று சுவரில் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. காரணம் தெரிந்தவர் கைதான் அந்தத் தவறைச் செய்யாது.

ரத்த அழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அமினோ அமிலங்கள் கோர்த்த குட்டிக் குட்டி பெப்டைடு சங்கிலிகள். எந்த என்சைம் எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதைப் பொறுத்தே அவற்றின் குணம் மாறுகிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின், ஆஞ்சியோடென்சினோஜெனை வெட்டி 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் 1-ஐ எடுக்கிறது. அதன் வாலிலிருந்து இரண்டை ஏ.சி.ஈ. என்ற என்சைம் நறுக்கினால் ஆஞ்சியோடென்சின் 2. ரத்தக் குழாயை இறுக்கி, உடலில் உப்பைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டீரோனை அட்ரீனல் சுரப்பியிலிருந்து சுரக்க வைப்பது இதுதான். அதிலிருந்து இன்னும் ஒன்றை ஏ.சி.ஈ.2 எடுத்துவிட்டால் கிடைக்கும் துண்டு குழாயைத் தளர்த்தும். ஊசி வழியே டியூபுக்கு வந்த பிறகும் இந்த என்சைம்கள் ஓய்வதில்லை. எதை நிறுத்துவது, எதை ஓடவிடுவது என்பதில்தான் டெஸ்டின் நம்பகம் இருக்கிறது.

பிளாஸ்மா (செல்களை நீக்கிய ரத்த நீர்) ரெனின் ஆக்டிவிட்டி என்ற டெஸ்டில் நாம் ரெனினை எண்ணுவதில்லை. அது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஆஞ்சியோடென்சின் 1 உண்டாக்குகிறது என்று பார்க்கிறோம். எனவே ரெனின் ஓட வேண்டும், மற்றவை அடங்க வேண்டும். ஏ.சி.ஈ.யின் மையத்தில் துத்தநாகம் இருக்கிறது. ஊதா மூடி டியூபில் உள்ள ஈ.டி.டி.ஏ. அதைப் பிடித்துக்கொண்டால் ஏ.சி.ஈ. செயலிழக்கும். பச்சை மூடி ஹெப்பாரின் டியூபில் எடுத்தால் ஏ.சி.ஈ. உயிரோடு இருக்கும், உண்டாகும் ஆஞ்சியோடென்சின் 1 அவ்வப்போதே கரைந்துபோய், ரிசல்ட் குறைவாக வரும். ஈ.டி.டி.ஏ.வுக்கு அடங்காத செரின் புரோட்டியேஸ் என்ற புரதம் வெட்டும் என்சைம்களை அடக்கத்தான் பி.எம்.எஸ்.எஃப். என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறோம். அது தண்ணீரில் நிலைக்காது. எத்தனாலில் கரைத்து வைத்து, இன்குபேஷனுக்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். காலையில் கலந்து வைத்ததை மாலையில் ஊற்றுவது வெறும் சடங்கு.

நோயாளி எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடி, பிறகு 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்த நிலையில் ரத்தம் எடுக்க வேண்டும். அறை வெப்பத்திலேயே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, உடனே வேகமாக உறையவைக்க வேண்டும். உருக்குவதும் வேகமாகவே. பிறகு பிளாஸ்மாவை பி.எச். 6 பஃபரோடு இரண்டு பங்காக்கி, ஒன்றை 37 டிகிரியிலும் மற்றதை ஐஸ் நீரிலும் வைக்கிறோம். ஐஸ் வரவேண்டிய இடம் இது ஒன்றுதான், ஏனென்றால் அந்தக் குளிரில் ரெனின் வெட்டாது. 3 மணி நேரம் கழித்து 37 டிகிரி டியூபில் 4.2, ஐஸ் டியூபில் 0.6 நானோகிராம் என்றால், வித்தியாசம் 3.6, மூன்றால் வகுத்தால் மணிக்கு 1.2. நீர்த்ததற்கான திருத்தத்தை மறக்கக் கூடாது.

இனி அந்தக் குளிர் விஷயம். ரத்தத்தில் ரெனினைவிடப் பல மடங்கு அதிகமாக, அதன் செயல்படாத முன்வடிவமான புரோரெனின் இருக்கிறது. அதன் வெட்டுவாயை 43 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு மூடி போல மறைத்திருக்கும். பிளாஸ்மா உறையாமல் 0 முதல் 4 டிகிரியில் கிடந்தால் அந்த மூடி விலகுகிறது. புரோரெனினும் ரெனின் போல வெட்ட ஆரம்பிக்கிறது. டாக்டர் பார்ப்பது ஆல்டோஸ்டீரோனை ரெனினால் வகுத்த விகிதத்தை. ஆல்டோஸ்டீரோன் 20, ரெனின் 0.5 என்றால் விகிதம் 40. அட்ரீனலே தன்னிச்சையாக ஆல்டோஸ்டீரோனை அதிகம் சுரக்கும் பிரைமரி ஆல்டோஸ்டீரோனிசம் என்று சந்தேகித்து அடுத்த டெஸ்டுக்குப் போவார்கள். ஐஸ் பெட்டியில் கிடந்து ரெனின் 1.5 ஆகிவிட்டால் விகிதம் 13. அட்ரீனலில் கட்டி இருந்து, ஆபரேஷனில் குணமாகியிருக்கக் கூடியவர், “சாதாரண பி.பி.” என்று ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார். இதற்காகத்தான் இவ்வளவு வற்புறுத்தல்.

மாத்திரைகளும் ரெனின் ரிசல்ட்டை இப்படி மாற்றிவிடும். ஏ.சி.ஈ.யைத் தடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் ரெனினை ஏற்றும். பீட்டா பிளாக்கர் இறக்கும்.

சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) ஏ.சி.ஈ. டெஸ்டுக்கு எல்லாம் தலைகீழ். அளக்க வேண்டியதே அந்த என்சைம் என்பதால் ஊதா மூடி டியூபில் எடுத்தால் ரிசல்ட் பொய்யாகக் குறையும், சீரம்தான் வேண்டும். எனலாப்ரில் சாப்பிடுகிறவருக்கும் குறைவாகவே வரும். அதை வைத்து, ஏ.சி.ஈ. உயரக்கூடிய அழற்சி நோயான சார்காய்டோசிஸ் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

இதயச் செயலிழப்புக்கான சகுபிட்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு, இதயத்தின் சுமையைக் காட்டும் ஹார்மோனான பி.என்.பி. பார்ப்பதைவிட அதன் கூடவே பிரியும் துண்டான என்.டி. புரோபி.என்.பி. நல்லது. அந்த மருந்து தடுக்கும் நெப்ரிலைசின் என்ற என்சைம், பி.என்.பி.யை வெட்டும், என்.டி. புரோபி.என்.பி.யைத் தொடாது. ரத்தக் குழாயை விரித்து வீக்கம் உண்டாக்கும் பிராடிகினின் என்ற பெப்டைடை அழிப்பதில் ஏ.சி.ஈ., நெப்ரிலைசின் இரண்டுக்கும் பங்குண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் தடுத்தால் பிராடிகினின் தேங்கி, உதடும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சே அடைபடலாம். எனலாப்ரில் போன்ற மருந்து, சகுபிட்ரில் இரண்டில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்க 36 மணி நேர இடைவெளி விடுவது அதனால்தான். டெஸ்ட் சீட்டில் மருந்தின் பெயரோடு, கடைசி வேளை எப்போது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.