தார் மூடிய துளைகள்

வேலூர்ப் பக்கம் பாலம் பார்க்கிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. பாலாறோ அதில் சேரும் காட்டாறோ, வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். படகு வேண்டாம். செருப்போடு இறங்கி அடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

நான் முதலில் பார்த்தது ஆறு கண் உள்ள ஒரு பாலம். கண் என்றால் தூணுக்குத் தூண் உள்ள இடைவெளி. வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது, அதாவது 1989க்கு முன்னால் கட்டியது. கோப்பில் வருஷா வருஷம் 'நிலை: பரவாயில்லை' என்றே எழுதியிருந்தார்கள். கைப்பிடிச் சுவருக்கு மட்டும் புது பெயின்ட் பளபளத்தது. கீழே இறங்கினால் தூணில் பழைய மணல் மட்டம் கோடு போட்டதுபோல, என் தலைக்கு மேலே! அள்ளிய மணலின் கணக்கை அந்தத் தூண்தான் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. சரி, அது தனிக் கதை.

கூட வந்த சாலைப் பணியாளர் ஏணியில் ஏறி, சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நடுவில் 'ணங்'கென்று கேட்ட சத்தம் தூண் பக்கம் வந்ததும் 'பொத்'தென்று மாறியது. "இங்க பொள்ளை சார்," என்றார். இன்னொரு தட்டுக்கு உள்ளங்கை அளவு கான்கிரீட் உதிர்ந்து, துருவேறிய கம்பி தெரிந்தது. இரும்பு துருவாகும்போது குறைந்தது இரண்டு மடங்காவது உப்பும். இடம் போதாமல் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும்.

கான்கிரீட்டில் இருக்கும் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. அது இருக்கிறதா என்று பார்க்க, உடைத்த இடத்தில் பினாப்தலின் என்ற சோதனைத் திரவத்தைத் தெளித்தோம். காரம் மிச்சமிருந்தால் ரோஜா நிறம் வரும். வரவில்லை. நடுவிலும் கொஞ்சம் உடைத்துப் பார்த்தோம், அங்கேயும் கம்பி வரை நிறமில்லை. ஆனால் கம்பி நன்றாக இருந்தது. இதுதான் என்னைக் குழப்பியது. காற்றிலுள்ள கரியமில வாயு இரண்டு இடத்திலும் காரத்தைத் தின்றிருக்கிறது, துரு மட்டும் தூண் பக்க முனையில். அப்படியென்றால் முனைக்கு மட்டும் தண்ணீர் வருகிறது. எங்கிருந்து?

"மேல வாங்க சார், காட்டுறேன்," என்றார் அவர்.

மேலே மழைநீர் வெளியேற ஓரத்தில் பன்னிரண்டு துளைகள் இருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை சாலை போட்டபோதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டிருக்கிறார்கள். துளைகள் அடியில் புதைந்துவிட்டன. தேங்கிய தண்ணீர் கண்ணுக்குக் கண் உள்ள இணைப்பு வழியாகத் தூண் தலையில் இறங்கியிருக்கிறது. பாரம் வேறு. 50 மில்லிமீட்டர் தார் சதுர மீட்டருக்குச் சுமார் 115 கிலோ. பத்து மீட்டர் கண்ணுக்கு, ஏழரை மீட்டர் அகலத்தில், ஒரு அடுக்கே எட்டரை டன்.

முனைகளைச் சரிசெய்ய எஸ்டிமேட் கேட்டார்கள், கொடுத்தேன். முதலில் துளையைத் திறக்க வேண்டும் என்று எழுதியதைப் பார்த்து, "இதுக்கெல்லாமா எஸ்டிமேட்?" என்று சிரித்தார்கள். எஸ்டிமேட்டே இல்லாத வேலைக்குப் பில்லும் கிடையாது. அதனால் அது யார் வேலையும் இல்லை.

ஐப்பசி பிறப்பதற்குள் அந்தச் சாலைப் பணியாளரே கடப்பாரையோடு வந்து இரண்டு நாள் குத்தினார். அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒன்பது துளைகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "மீதி மூணு கல்லு மாதிரி கெட்டிச்சுப் போச்சு சார், மெஷின் வேணும்," என்றார்.