ரெண்டு சொட்டு, இடது கண்

நேற்றுக் காலமை வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரைக் கட்டு ஒன்றைக் கையில் வைத்து விலை பேசிக்கொண்டு நிற்கிறேன். முதுகில் கிற்றார் பையோடு ஒரு பொடியன் கிட்ட வந்தான். என்ர முகத்தை வடிவாகப் பார்த்தான். "அங்கிள், கண்ணை மூடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விட்டான். வல்லாரைக்கார அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கட்டுக்கு இருபது ரூபாய் கூடிவிட்டது.

இந்தக் கிழமை இது நாலாவது ஆள்.

எல்லாத்துக்கும் மூலம் சித்தப்பாவின்ர இடது கண். "ஒப்பரேஷன் முடிய ரெண்டு நாளில போயிடுவன்" என்று யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து வந்த மனுசன், மூன்று கிழமையாக எங்கட ஹோலில் கறுப்புக் கண்ணாடியோடு கொலுவிருக்கிறார். ஒரு நாளைக்கு நாலு தரம் சொட்டு மருந்து. அதுக்கு மனுசி என்ர போனில் நாலு அலாரம் வைத்திருக்கிறா. ஏன் அவவின்ர போனில் வைக்கவில்லை என்று கேட்கிற ஆட்கள் கல்யாணம் கட்டாத ஆட்களாகத்தான் இருக்க வேணும்.

மகனைத் தெரியும்தானே. ஏ லெவல் எழுதி முடித்த கையோடு பாண்டில் பேஸ் கிற்றார் வாசிக்கத் தொடங்கினவன். "நாலு கம்பிதானே கிடக்கு, ஆறு கம்பிக்குக் காசு காணேல்லையோ?" என்று சித்தப்பா கேட்டதில் இருந்து ரெண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. பாண்டின்ர பெயரை இங்கே எழுதினால் என்னோடும் கதைக்க மாட்டான், ஆகையால் விடுவம்.

இவங்களுக்குப் போன சனிக்கிழமை திறந்தவெளியில் பெரிய ஷோ. அதுக்கு முதல் சனிக்கிழமை பம்பலப்பிட்டியில், கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில், கடையொன்றின் மாடியில் எண்பது பேருக்கு முன்னால் ஒரு வோர்ம்-அப். "ஒத்திகை எண்டு சொல்லன்" என்றேன். அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸே அப்படித்தானாம். 1989 ஓகஸ்ட் 12, அமெரிக்காவில் நியூ ஹேவனில் டோட்ஸ் பிளேஸ் என்ற சின்னக் கிளப்பில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏறினார்களாம். எழுநூறு பேர்தான், டிக்கெட் 3 டொலர் 1 சதம். மாதக் கடைசியில் பிலடெல்பியா ஸ்டேடியத்தில் தொடங்கப்போகிற பெரிய சுற்றுக்கு அது வோர்ம்-அப். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஓகஸ்டில் சண்டைக்குள் கிடந்த எங்கட ஊரில் இருட்டினால் நாய்கூட ஒழுங்கைக்கு இறங்கினதில்லை.

பிறகு விசயத்துக்கு வந்தான். "அப்பா, ஆடியன்ஸில நிண்டு ரெக்கோர்ட் பண்ணித் தருவீங்களா?"

சவுண்ட் மிக்ஸரில் வயரைச் செருகி எடுக்கலாமே என்று என்ர அறிவைக் காட்டினேன். அது பெரிய மைதானத்துக்குச் சரியாம். சின்ன இடத்தில் ட்ரம்ஸும் கிற்றார் அம்ப்பும் மேடையில் இருந்து நேரே காதுக்கு வந்துவிடும். மிக்ஸருக்குள் போவது பெரும்பாலும் பாடுகிறவனின்ர குரல்தான். அதை மட்டும் எடுத்தால் அவன் பாத்ரூமில் தனியப் பாடுகிற மாதிரி இருக்குமாம். சனத்துக்குள் நிற்கிறவனுக்குத்தான் எல்லாம் அளவாகக் கேட்குமாம்.

இவ்வளவு நேரமும் நித்திரை என்று நான் நினைத்திருந்த சித்தப்பா, கண்ணாடியைக் கழற்றாமல், "அந்தப் பொடியன் சொல்லுறது சரி. நான் வாறன்" என்றார்.

சித்தப்பா ஒரு காலத்தில் ரெக்கோர்டிங் பார் வைத்திருந்தவர். நாங்கள் பாட்டுகளைக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுக்க, அவர் கசெற்றில் அடித்துத் தருவார். 60 நிமிசம், 90 நிமிசம் இரண்டும் சரி. 120 கசெற்றோடு வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். நாடா மெல்லிசு, சிக்கினால் வேட்டி நூல் மாதிரி வரும் என்பார். ஓடிக்கொலோனில் பஞ்சைத் தொட்டு ஹெட்டைத் துடைக்கிறதைப் பார்த்தால் பிள்ளையாருக்கு அபிஷேகம் நடக்கிற மாதிரி இருக்கும். தொண்ணூறுகளில் கறன்ட் இல்லை, பற்றறி ஊருக்குள் வர விடுகிறதும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேப்பை ஓடவிட்டார். பெடலைக் கையால் சுற்றினது யார்? பதின்மூன்று வயசில் நான். கை ஓய்ந்தால் சுசீலா கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்காழி ஆகிவிடுவா, பின்மண்டையில் ஒரு குட்டு விழும், திரும்பவும் சுசீலா வருவா. என்ர வலது தோள் இடதைவிட அரை அங்குலம் பெரிசு. சட்டை தைக்கிறவருக்குத் தெரியும்.

மகனுக்கு இந்தக் கதை பிடித்துப்போய், அவன் ஒரு கதை சொன்னான். லொஸ் ஏஞ்சலிஸில் மைக் மில்லார்ட் என்று ஒரு ஆள். நடக்க ஏலாதவர் மாதிரி வீல்செயாரில் வந்து, அதுக்குள்ளே நாகமிச்சி ரெக்கோர்டரை ஒளித்து, 1977இல் லெட் ஸெப்பலின் கச்சேரியைப் பிடித்தாராம். இன்றைக்கும் சனம் அதைத் தேடிக் கேட்குதாம். சித்தப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன்ர மாமியின்ர வீல்செயார் ஸ்ரோர் ரூமில கிடக்கெல்லே?" என்று என்னைக் கேட்டார். குசினிக்குள் இருந்து அகப்பை விழுந்த சத்தம் வந்தது. அந்த யோசனை அதோடு செத்தது.

ஆனாலும் அவருக்கு வீல்செயார் தேவைப்படவில்லை. வெள்ளை முழுக்கைச் சட்டை, இரவு ஏழு மணிக்குக் கறுப்புக் கண்ணாடி, எழுபத்தொரு வயசு. வாசலில் நின்ற பொடியள் தன்பாட்டில் விலகி வழி விட்டார்கள். ஒருத்தன் என்ர காதுக்குள், "அங்கிள் எழுபதுகளில வாசிச்ச ஆளோ?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

உள்ளே போனதும் ஒரு தரம் கையைத் தட்டி, தலையைச் சரித்துக் கேட்டார். பின்மூலை வேண்டாம், பேஸ் எல்லாம் அங்கே போய்த்தான் குவியும். முன்னுக்கும் வேண்டாம், ஒரு கிற்றார்தான் கேட்கும். மிக்ஸர்க்காரனுக்கு நேர் முன்னால் போய் நின்றார். "அவன் தன்ர காதுக்குத்தானே சரிபண்ணுவான், அவன்ர காதுக்குப் பக்கத்தில நிண்டால் போதும்." மகன் தன்ர போனில் ஓட்டோ லெவலை நிற்பாட்டிக் கொடுத்திருந்தான். அது இருந்தால் ட்ரம்ஸ் விழுகிற ஒவ்வொரு தரமும் பாட்டு கிணற்றுக்குள் போய்விட்டு வருமாம். மைக் அடிப்பக்கம் என்றபடியால் போனைத் தலைகீழாகச் சட்டைப் பையில் செருகினார். எனக்குச் சட்டம் மூன்று. கை தட்டக்கூடாது, இருமக்கூடாது, கதைக்க வேணுமென்றால் வெளியில் போக வேணும். முக்கால் மணித்தியாலம் மனுசன் அசையவில்லை. மூச்சையும் அளந்துதான் விட்டார்.

எட்டு மணிக்கு ஒரு மெதுவான பாட்டு. பாடுகிறவனின்ர குரலும் என்ர பிள்ளையின்ர பேஸும் மட்டும். மண்டபம் அடங்கிக் கிடக்குது. என்ர காற்சட்டைப் பைக்குள் கோயில் மணி அடித்தது. மனுசி தெரிந்தெடுத்த அலாரம்.

மிச்சத்தை ரெக்கோர்டிங்கில் இருந்தே எழுதுகிறேன், எனக்கு இப்போது மனப்பாடம்.

"சித்தப்பா, மேல பாருங்கோ."

"பதியுது. கதைக்காதை."

"மருந்து."

"பாட்டு முடியட்டும்."

"இவ கேப்பா."

(இங்கே நாலு செக்கன் பேஸ் மட்டும். அதுவரை சிங்கம் மாதிரி நின்ற மனுசன் கண்ணாடியை உயர்த்திய நாலு செக்கன்.)

"கண்ணை மூடாதேங்கோ."

"மூடேல்லை."

"மூடுறியள்."

"நீ கையைக் கொண்டுவாறதால மூடுது."

"ஒண்டு... ஐயோ, மூக்கில. திருப்பி. ஒண்டு... ரெண்டு!"

அந்த "ரெண்டு"க்கு நேரே, மயிர் பிசகாமல், ட்ரம்ஸ் உள்ளே விழுகிறது. பின்னாலேயே கரையோர ரயில் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வெள்ளவத்தைப் பக்கம் போகிறது. நான் சொல்லக்கூடாது, ஆனால் அந்த இடம் உண்மையிலேயே நல்லாயிருக்கு.

மகன் அன்றிரவு ஹெட்ஃபோனோடு இருந்தவன் மூன்று மணிக்கு என்னை எழுப்பிக் கட்டிப்பிடித்தான். அப்படி அவன் செய்து பத்து வருசம் இருக்கும். விடிய முதல் ரெக்கோர்டிங் எத்தனையோ குறூப்புக்குப் போய்விட்டது. பாட்டில் புது வரி சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்த ஆட்களும் உண்டு. போன சனிக்கிழமை பெரிய ஷோவில் அந்தப் பாட்டு வந்ததும், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத சிங்களப் பொடியளும் சேர்ந்து, "கண்ணை மூடாதேங்கோ" என்று கத்தினார்கள். பாடுகிறவன் மைக்கைச் சனத்துக்கு நீட்ட, அத்தனை பேரும் "ரெண்டு!" என்றார்கள். நான் ஜிஞ்சர் பியர் போத்தலோடு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அந்தத் துண்டை வெட்டச் சொல்லிச் சித்தப்பாவிடம் முறையிட்டேன். "என்ர கடையில ஆற்றயும் இருமலையும் நான் வெட்டினதில்லை" என்றார். மகன் அதைப் பொன்மொழி மாதிரித் தன்ர ஸ்ரேற்றஸில் போட்டான்.

முந்தநாள் இரவு எல்லாரும் படுத்த பிறகு சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். ஃபைல் ஒரு மணி பத்தொன்பது நிமிசம். பாட்டு முடிவது ஒரு மணி பதினைந்தில். மிச்ச நாலு நிமிசத்தை ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நிற்பாட்ட மறந்திருக்கிறார். செருப்புச் சத்தம், கதவு, பிறகு மாடிப்படி.

"கையைத் தாங்கோ."

"வேண்டாம், தெரியுது."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"எத்தினை படி கிடக்கு?"

"பதினாலு."

"எண்ணு."

நான் எண்ணுகிறேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு செருப்பு இறங்குகிறது. ஒன்பதில் நிற்கிறது. "மெதுவா, தம்பி. மற்றக் கண்ணும் இப்ப அவ்வளவா இல்லை." அன்றைக்கு இருந்த களைப்பில் நான் அதைக் காதில் போடவே இல்லை. டொக்டரிடமும் மனுசியிடமும் மற்றக் கண் கழுகுக் கண் என்று சத்தியம் செய்தவர்.

"இதை மட்டும் வெட்டிவிடு. பொடியன்ர காதில விழவேண்டாம்" என்றார் சித்தப்பா.

"என்ர மூக்குத் துண்டு?"

"அது கிடக்கட்டும்."

வெட்டினேன். நாளைக்குப் பின்னேரம் மற்றக் கண்ணுக்கு டொக்டரிடம் நம்பர் எடுத்திருக்கு. மனுசி இப்போதே என்ர போனைப் பறித்து வைத்துக்கொண்டு, வலது கண்ணுக்கு எந்த மணி நல்லது என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறா.