மஞ்சள் பூத்த தோரியம் கண்ணாடியைத் தெளிய வைத்த பதினெட்டு நாள்கள்

பழைய திருகு வளையம் கொண்ட 50 மி.மீ., எஃப்/1.4 லென்ஸ் ஒன்றை வாங்கி வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தபோது, இளந்தேநீரை ஊற்றி வைத்ததுபோல் மஞ்சளாகத் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தும் பூஞ்சையோ புகைமூட்டமோ காணவில்லை; நிறம் கண்ணாடியின் உடலுக்குள்ளேயே இருந்தது. கதிரியக்கத்தை அளக்கும் கைகர் எண்ணியை நண்பரிடம் இரவல் வாங்கி முன்பக்கத்தில் வைத்தபோது மெதுவாகவும், பின்பக்கத்தில் வைத்தபோது விடாமலும் அது துடித்ததால், பின்புறக் கண்ணாடியில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தின் ஆக்சைடு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன்.

கதிரியக்கப் பொருளை ஏன் லென்ஸில் சேர்த்தார்கள் என்பதற்கு விடை ஒளிவிலகல் எண்ணில் இருக்கிறது. எஃப்/1.4 போன்ற அகன்ற துளையில் ஓரக் கதிர்களையும் ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். ஒளிவிலகல் எண் உயர்ந்தால் வளைவைக் குறைத்துக்கொள்ளலாம், கோளப் பிறழ்ச்சியும் குறையும். பிகே7 என்னும் சாதாரணக் கண்ணாடியின் எண் 1.517, அபே எண் (இது உயர்ந்தால் நிறச்சிதறல் குறைவு) 64. ஈய ஆக்சைடு கலந்த எஃப்2 கண்ணாடியில் எண் 1.620 ஆக உயர்ந்தாலும், அபே எண் 36 ஆகச் சரிந்து நிறங்கள் சிதறுகின்றன. போரிக் ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட உருகலில் லாந்தனம் ஆக்சைடைச் சேர்த்தால், எண் உயரும்போது சிதறலும் கூடும் என்ற இந்தப் பிணைப்பு தளர்கிறது: லாக்9 கண்ணாடியில் 1.691, அபே எண் 55. தோரியம் ஆக்சைடுக்கும் இதே குணம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வான்வழிப் படப்பிடிப்புக்கு உதவிய கோடாக் ஏரோ எக்டார் லென்ஸிலும் அது இருந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்னும் கனிமத்தில் லாந்தனம், தோரியம் ஆகிய இந்த இரண்டு தனிமங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தோரியமும் அது சிதைந்து உண்டாகும் தனிமங்களும் வெளியிடும் கதிர்கள் கண்ணாடிக்குள் எலக்ட்ரான்களை இடம் பெயர்க்க, அவை அமைப்பின் குறைகளில் சிக்கி நீல ஒளியை விழுங்கும் நிற மையங்களாகின்றன. ஒளியாற்றல் கொடுத்தால் அவை விடுபடும். அதனால் 395 நானோமீட்டர் புற ஊதா எல்.இ.டி. விளக்கைத் தேர்ந்தேன். வெயிலிலும் இது நடக்கும். ஆனால் ஒட்டுக் கண்ணாடிகளின் பசை சூட்டில் விட்டுப்போகுமோ என்று அஞ்சி அதைத் தவிர்த்தேன்.

ஒரே வெளிச்சத்தில், கேமராவின் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாற்றாமல் வெள்ளைத் தாளைப் படமெடுத்து, பச்சையை 100 என்று கொண்டு நீலத்தைக் கணக்கிட்டேன். தொடக்கத்தில் 58. துளையை முழுதும் திறந்து, முன்பக்கம் வழியாக ஆறு நாள்கள் ஒளி பாய்ச்சியும் 63-ஐத் தாண்டவில்லை. முன்னாலுள்ள கண்ணாடிகளே புற ஊதாவின் ஒரு பங்கை உறிஞ்சிவிடுகின்றன என்பது எனக்கு ஏழாம் நாள்தான் உறைத்தது. லென்ஸைத் திருப்பி, பின்பக்கத்தை விளக்கை நோக்கி வைத்து, மறுபுறம் அலுமினியத் தாளை விரித்தேன். பத்தாம் நாள் 79, பதினான்காம் நாள் 91, பதினெட்டாம் நாள் 93. இதே முறையில் அளந்த என் புதிய லென்ஸ் 96 காட்டுகிறது.

விளக்கு எரியும்போது அட்டைப்பெட்டியால் மூடி வைத்தேன்; புற ஊதாவை நேராகப் பார்க்கக் கூடாது. தோரியம் கண்ணாடியைத் தேய்க்கவோ மெருகேற்றவோ ஒருபோதும் முயல வேண்டாம், அதன் தூள் மூச்சில் சேர்வதுதான் பெரிய ஆபத்து. கண்ணருகே வைத்துப் பார்க்கும் கருவிகளிலும் இத்தகைய லென்ஸைப் பயன்படுத்த மாட்டேன்.

தோரியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் என்பதால் கதிர்வீச்சு ஓயாது; மஞ்சள் மெல்லத் திரும்பும். எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று அறிய, லென்ஸை இருட்டான அலமாரியில் வைத்து மாதம் ஒருமுறை அதே தாளைப் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் மாத அளவு 93-லேயே நிற்கிறது.