படிக்கட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி வேண்டாம்

கல்யாண ஷூட்டிங்குக்கு என்று தம்பி ஒரு போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன், அதாவது கையில் தூக்கிப்போகிற பெரிய பேட்டரிப் பெட்டி, வாங்கியிருக்கிறான். 1000 வாட்-ஹவர், ஒரு யூனிட் கரண்ட் முழுசாக அந்தப் பெட்டிக்குள். வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் அதைப் படிக்கட்டுக்கு அடியில், பேக்டிராப் துணிகளுக்கு நடுவில் சார்ஜ் போட்டிருந்தான். காற்றுத் துவாரத்தில் நூலும் தூசியும் அடைத்திருந்தன. தொட்டால் நல்ல சூடு.

2022 மார்ச்சில் நம்ம வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவில் சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் மகளும் இறந்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. தம்பியின் பெட்டியில் இருப்பதும் லித்தியம் அயான் பேட்டரிதான். உள்ளே இருக்கும் ஒரு பேட்டரி செல் கட்டுமீறிச் சூடானால் பக்கத்துச் செல்லையும் இழுத்துவிடும். நச்சுப்புகை வரும். அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும். இதிலேயே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். அதற்காக எரியவே எரியாது என்றில்லை.

பொதுவாக 45 டிகிரிக்கு மேல் இவற்றைச் சார்ஜ் செய்யக்கூடாது. வேலூர் மே மாத வெயில் 40ஐத் தாண்டும். அப்புறம் பூட்டிய காருக்குள் கேட்கவே வேண்டாம். தீப்பிடித்தால் வெளியே ஓடுகிற வழியில் வைக்காதே, தூங்கும்போது சார்ஜ் போடாதே என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இப்போது வராந்தாவில், நிழலில், வெறும் சிமெண்ட் தரையில்தான் சார்ஜ் ஏறுகிறது. துணிகளை மாடிக்கு ஏற்றிவிட்டோம்.