பெட்டகத்தில் தாராசிங்

பெட்டகத்தைத் துடைக்கப் போனால், எனாமல் கிண்ணங்களுக்கு அடியில் மல்யுத்த வீரர் தாராசிங் கிடக்கிறார். நாளிதழிலிருந்து வெட்டிய படம். தொடையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் ஐயாவின் கையெழுத்து: ‘பர்மாத் தேக்கு’.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில், செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் கணக்கெழுதியவர் ஐயா. தாராசிங்கும் 1947-இல் அதே ஊரில்தான் போய் இறங்கினார். கிங்காங் என்ற மல்லருடன் அவர் மோதிய கதையை எடுத்தால் ஐயாவுக்குக் காபி ஆறிவிடும்.

1968-இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வீழ்த்தி உலகப் பட்டம், 1983-இல் ஓய்வு. அதெல்லாம் ஐயாவுக்குப் பொருட்டில்லை. கிங்காங்தான் கணக்கு.

“எல்லாம் பேசிவைத்த சண்டை ஐயா” என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

படத்தை அப்பத்தாவிடம் காட்டினேன்.

“எனக்கு வந்த கடிதமெல்லாம் இவன் கதைதான்” என்று முனகிக்கொண்டே முந்தானையால் துடைத்தார்.