வலப்பக்கம் ஒதுங்கிய தேதிகள்

3/6/2024

உறுப்பினர் பட்டியல் வந்து சேர்ந்தது. சேர்ந்து மூன்று வருடம் முடிந்தவர்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை என்று நினைத்து, சேர்ந்த தேதியை வைத்து வரிசைப்படுத்தினேன். முற்பாதி ஒழுங்காக வந்தது. பிற்பாதியில் 13/01/2021-க்கு அடுத்து 13/02/2018 நிற்கிறது. அதாவது, எக்செல் கண்ணுக்கு அவை தேதிகளே இல்லை, வெறும் எழுத்து. எழுத்தைத் தேதியாக்கும் டேட்வேல்யூ ஃபார்முலா போட்டுப் பார்த்தேன், பிழைதான் வந்தது. கடையைக் கட்டிவிட்டேன்.

4/6/2024

கட்டத்தில் எது எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். எழுத்து இடப்பக்கம் ஒட்டும், எண் வலப்பக்கம் ஒட்டும். தேதியும் உள்ளுக்குள் ஓர் எண்தான். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருவது. (அந்தக் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத நாள் ஒன்றும் சேர்த்தி. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த பிழையை, அதனுடன் ஒத்துப்போக வேண்டும் என்று எக்செல்லிலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.)

சரி, இடப்பக்கக்காரர்களுக்கு ஒரு வழி கிடைத்தது:

=டேட்(ரைட்(ஏ2,4), மிட்(ஏ2,4,2), லெஃப்ட்(ஏ2,2))

ஏ2 என்பது தேதி இருக்கும் கட்டம். வலமிருந்து நான்கு எழுத்து வருடம், நடுவில் இரண்டு மாதம், இடமிருந்து இரண்டு நாள். தேதியை எந்த வரிசையில் படிப்பது என்று சொல்லும் கணினியின் வட்டார அமைப்பு என்னவாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை, எது எது என்று நாமே சொல்லிவிடுகிறோமே. வலப்பக்கம் இருப்பவை ஏற்கெனவே தேதிகள், அவற்றைத் தொடவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

6/6/2024

அந்த நிம்மதி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

பட்டியலில் 3/4/2021 என்று ஒருவர். அவரைச் சேர்த்ததே நான்தான், ஏப்ரல் மாதம். கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தால் 44259 என்கிறது. அது மார்ச் 4. ஏப்ரல் 3 என்றால் 44289 வந்திருக்க வேண்டும். முப்பது நாள் வித்தியாசம்!

அப்புறம்தான் உறைத்தது. என் கணினியின் அமைப்பு மாதத்தை முதலில் படிக்கும் வகை. அனுப்பியவர் நாளை முதலில் எழுதுபவர். கோப்பைத் திறந்த நொடியிலேயே 03/04 மார்ச் 4 ஆகிவிட்டது. 13/01 மட்டும் தப்பித்தது, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையே. அதனால்தான் அது எழுத்தாகவே நின்றது. நான் நோயாளி என்று நினைத்தவை ஆரோக்கியமானவை, குணமானவை என்று நினைத்துத் தொடாமல் விட்டவைதான் நோயாளிகள். முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போயிருந்ததை முதல் நாளே கவனித்திருக்க வேண்டும்.

உறுதிசெய்ய, வலப்பக்கத் தேதிகளுக்கு மட்டும், நாளைத் தனியே எடுக்கும் டே போட்டு அதில் மிகப் பெரிய எண் எது என்று பார்த்தேன். 12. இத்தனை வரிசையில் ஒருவர்கூட மாதத்தின் பிற்பகுதியில் சேரவில்லையாம்! இனி எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் இந்தச் சோதனைதான்.

ஜூன் 7, 2024

புது ஃபார்முலா:

=இஃப்(ஈஸ்நம்பர்(ஏ2), டேட்(இயர்(ஏ2), டே(ஏ2), மன்த்(ஏ2)), டேட்(ரைட்(ஏ2,4), மிட்(ஏ2,4,2), லெஃப்ட்(ஏ2,2)))

எண்ணாக இருந்தால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்று, எழுத்தாக இருந்தால் வெட்டி ஒட்டு. 5/5 போன்றவை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான், அவை பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 10, 2024

மிச்சம் இருந்தவை உதிரிகள், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ரகம். சிலவற்றின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் அதைத் தொடவே இல்லை, ஏனென்றால் அது சாதா இடைவெளி அல்ல, 160-ஆம் எண் எழுத்து. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட்டில் கேர்(160) கொடுத்து நீக்கினேன். சில இடங்களில் வருடம் இரண்டே இலக்கம். அங்கே டேட் ஃபார்முலாவுக்கு 21 என்று கொடுத்தால் 1921 என்று எடுத்துக்கொள்கிறது, 2000-ஐக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும்.

ஒருவர் 31/02/2019 அன்று சேர்ந்திருக்கிறார். டேட் பிழை எதுவும் காட்டாமல் மார்ச் 3 என்று பதில் சொல்கிறது. பிழை காட்டும் ஃபார்முலா மேல் எனக்கு இப்போது தனி மரியாதை. வந்த விடையை டெக்ஸ்ட் கொண்டு மறுபடி எழுத்தாக்கி, பழையதோடு ஒப்பிட்டதில்தான் அகப்பட்டது.

மார்ச்1, செப்ட்1 என்றெல்லாம் பெயர் கொண்ட மரபணுக்களை விரிதாள்கள் தேதியாக்கிவிடுகின்றன என்று 2020-இல் அறிவியலாளர்கள் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். அவர்களுக்கே அந்தக் கதி.

2024-06-13

இனி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் அனுப்பும்படி கேட்டிருந்தேன். இன்று வந்த கோப்பு அப்படியே இருந்தது, ஒரு கட்டம் தவிர. அதில் தேதிக்குப் பதில் ‘பிறகு சொல்கிறேன்’. ஃபோனில் கேட்டு, கையால் தட்டினேன்.